பேருக்கு முன்னால் இருந்த பன்னிரண்டு

காவேரிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சிவலைப் பசு கன்று போட்டுவிட்டது, கிடேரி. இருக்கிற நல்ல சேதிகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிக் கடிதத்தை நீ பயந்துகொண்டு படிக்க வேண்டாம். உன் கல்யாணப் பத்திரிகை மட்டும் இன்னும் அச்சாகவில்லை. போன திங்கட்கிழமை போளூர் அச்சகத்துக்குப் போனேன். எழுதிக்கொண்டு போன தாளை அச்சுக் கோக்கிறவர் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டேன். அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியதை ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் உன்னைப் பார்த்ததும் எனக்கு மழை, பஸ், புளிவிலை என்றுதான் பேச்சு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வரி இதுதான்: இந்தியாவுக்காக வெளிநாட்டில் கூடைப்பந்து ஆடி, ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு கூடை போட்ட எங்கள் செல்வி காவேரி. சொன்னது ஊருக்குத் தலைவரான உன் கவுண்டர் மாமா. எழுதியது என் கை. அச்சுக் கோக்கிறவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பன்னெண்டு கூடைன்னா இருபத்துநாலு பாயிண்டு ஆச்சுங்களே பெரியவரே! எந்தத் தேசத்தோட ஆடுனாங்க? நானும் சின்ன வயசுல ஆடுனவந்தான்" என்றார். ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்திக்கொண்டு வருகிறேன் என்று தாளை வாங்கினேன். பிழை இருந்தது உண்மைதான், எழுத்தில் இல்லை.

நீ பதின்மூன்று வயதில் என் தோளைத் தாண்டினாய். குதிர் மேல் இருக்கிற முறத்தை ஏணி இல்லாமல் எடுப்பாய். "இந்த ஒசரத்துக்கு மாப்ளைய எங்க போய்த் தேடுவன்? இந்த மலைல மரந்தான் கீது" என்று அம்மா புலம்புவாள். அந்த உயரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் உண்டு உறைவிடப் பள்ளிக்கு வந்த டிரில் மாஸ்டர். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம்மின் வாய் வளையத்தை அறுத்து, ஒரு தேக்குக் கம்பத்தின் உச்சியில் அடித்து, உன் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார். சரியான வளையத்தைவிட அது அரைச் சாண் அகலமாம். அதில் எறிந்து பழகினதால்தான் சீமை வளையத்தில் உன் பந்து நுழையவில்லை என்று அம்மா இன்றைக்கும் டிரில் மாஸ்டரைத் திட்டுகிறாள். இந்தப் பேச்சை அவள் எப்போது ஆரம்பித்தாள் என்று நான் யோசித்திருந்தால் பல விஷயம் எனக்கு முன்பே புரிந்திருக்கும். நான்தான் யோசிக்கிற ஆள் இல்லையே, படிக்கிற ஆள்.

அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். போளூர் விடுதியில் இருந்து எட்டாவது வரை படித்தவன் என்று நம் ஊரில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. காட்டிலாகா நோட்டீஸ் வந்தாலும், பட்டா வந்தாலும், பட்டாளத்துக்குப் போன பையன் கடிதம் போட்டாலும் நான் படித்தால்தான் அந்தக் காகிதம் பேசும். எனக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம். படிக்கும் முன் தொண்டையைச் செருமுவேன், கூட்டம் சேரும்வரை தாளைப் பிரிக்க மாட்டேன். நீயே அதைப் பழித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நீ கடல் தாண்டிப் போய் ஆடி முடித்து, ஊர் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தபோது, டிரில் மாஸ்டர் பஸ் கண்டக்டரிடம் ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். நீ ஆடிய ஆட்டத்தின் புள்ளிவிவரம். ஊதா மசியில், கட்டம் கட்டமாக, பாதி எழுத்து மங்கிப்போன ஒரு நகல். களத்துமேட்டில் ஊரே கூடிவிட்டது. வழக்கம்போல் செருமினேன், பிரித்தேன். இங்கிலீஷில் உன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயருக்கு முன்னால் பன்னிரண்டு என்று பளிச்சென்று இருந்தது. பெயருக்குப் பின்னால் பொடிப்பொடியாக என்னென்னவோ. நம் களத்தில் அம்மனுக்கு அளக்கிற பட்டியலை எப்படி எழுதுவோம்? முதலில் மரக்கால் கணக்கு, அப்புறம் ஆள் பெயர். மூணு, இன்னார். அஞ்சு, இன்னார். ஆயுசு முழுக்க அப்படி எழுதின கை, அப்படியே படித்தது. "பன்னெண்டு, காவேரி!" என்றேன். ஊர் எழுப்பின சத்தத்தில் புளியமரத்துக் குருவியெல்லாம் பறந்துவிட்டது. மேலேயும் கீழேயும் நாலு, அஞ்சு, ஆறு என்று பதினைந்து வரை ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தது. அதையாவது பார்த்துச் சந்தேகப்பட்டேனா? கூடையைப் பொறுத்து ஏறுவரிசையில் எழுதியிருக்கிறார்கள், அதிகம் போட்டவர்களில் நம் பெண் நாலாவது என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

மூன்று நாள் அந்தப் பன்னிரண்டோடு இருந்தேன், காவேரி. அந்த மூன்று நாளில் மலையில் எங்கே நடந்தாலும் கால் தரையில் படவில்லை. வெள்ளிக்கிழமை நீ வருகிறாய், அன்றைக்கே உன் பேரில் கூடைக்கு ஒரு மரக்காலாகப் பன்னிரண்டு மரக்கால் சாமையை அம்மனுக்கு அளப்பது என்று ஊர் முடிவு பண்ணியது. நாலாம் நாள் காலை டிரில் மாஸ்டர் வந்தார். பஸ் நிற்கிற இடத்திலேயே தாளைக் காட்டிப் பெருமை பேசினேன். அவர் முகம் மாறியது. "அய்யா, அது சட்டை நம்பருங்க. நாலுல ஆரம்பிச்சிப் பதினஞ்சி வரைக்கும் போடுவாங்க. பாயிண்டு கடைசிக் கட்டத்துல கீது, பாருங்க" என்று விரலை நகர்த்தினார். முட்டை. ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். ஒன்பது நிமிஷம் உள்ளே இருந்தாய். மூன்று முறை எறிந்தாய், ஒன்றும் விழவில்லை. ஃபவுல் ஐந்து. "எதிராளி மேல மோதினா, கைய புடிச்சி மறிச்சா ஃபவுலுங்க. அஞ்சி ஆச்சின்னா வெளிய அனுப்பிடுவாங்க. பதினஞ்சாம் நம்பர்காரிய மறிக்கத்தான் பொண்ண எறக்கியிருக்காங்க. அவ ஆறடி நாலு அங்குலமாம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. "சார், சபைல படிச்சிட்டேன் சார்" என்றேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "எனக்கு இன்னாங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் முழுசாக இரண்டு நாள் இருந்தது. உன் கவுண்டர் மாமா வீட்டுக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். போய்ச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், அம்மனுக்கு வெட்டக் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு உள்ளே ஒரே பயம்: இதைத் தப்பாகப் படித்தவன் நம்ம பட்டாவை எப்படிப் படித்தானோ என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள். அந்த நாற்காலிக்காக நான் வாயை மூடிக்கொண்டேன்.

நீ வந்தாய். நீலச் சட்டை, தோளில் பை, முழங்கையில் காய்ந்த காயம். உன்னை நேராகக் களத்துக்கே கூட்டிப்போனார்கள். நம் மலையில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்று சொல்லித்தான் அளக்க ஆரம்பிப்போம்; இதைக் கீழே உன்னோடு ஆடுகிற பெண்கள் நம்பவே இல்லை என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தாய். அன்றைக்கு உன் மாமா மரக்காலைச் சரித்து "லாபம்!" என்றபோது நீ எதற்கு அளக்கிறார்கள் என்று பக்கத்தில் கேட்டாய். யாரோ சொன்னார்கள். ரெண்டு, மூணு, நாலு. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அஞ்சு என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் சாமைக் குவியலைப் பார்த்தேன். பன்னிரண்டு வரை அளந்து முடித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிற அப்பன் இருக்கலாம் என்று.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போய்விட்டாய். உன் பேரில் பன்னிரண்டு மரக்கால் அளப்பது மட்டும் வருஷா வருஷம் தொடர்ந்தது. அதற்கப்புறம் நீ மேலே படித்தாய், செங்கம் பக்கத்துப் பள்ளியில் டிரில் டீச்சர் ஆனாய், பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்துபோனாய். இத்தனை வருஷத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி உன்னிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய். நீ சொல்லிவிட்டால் நான் ஆச்சரியப்படுகிற மாதிரி நடிக்க வேண்டும், அது எனக்கு வராது.

ஆனால் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்காதே. அந்தத் தாள் என் கம்பளிக்குள் மடித்தே இருக்கிறது. ஒன்பது நிமிஷம் என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, டிரில் மாஸ்டரின் கைக்கடிகாரத்தை ஒருநாள் இரவல் வாங்கி நடந்து பார்த்தேன். நம் சாமைக்காட்டுக் காவல் பரணிலிருந்து ஓடைக்கரைப் பலா மரம் வரை சரியாக ஒன்பது நிமிஷம். அன்றிலிருந்து காலையில் அந்த வழியில் இறங்கும்போதெல்லாம் நீ ஆடிக்கொண்டிருப்பாய். பரணை விட்டு இறங்கினதும் உன்னைக் கூப்பிடுவார்கள், நீ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவாய். பனி தலைக்கு மேல் வரை மூடியிருக்கும். அந்தத் தேசத்துப் பெண்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தராக வருவார்கள், எல்லோரும் நெட்டையாக, சத்தமே இல்லாமல். பதினைந்தாம் நம்பர்காரிக்கு நான் ஒரு முகம் வைத்திருக்கிறேன், கொஞ்சம் பூனைக்கண், கோபம் இல்லாத முகம். வழுக்குப்பாறையிடம் நீ முதல் தடவை எறிவாய். ஈச்சம்புதரிடம் இரண்டாவது. பந்து மேலே பனிக்குள் போய்விடும். அது கீழே வருவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. விழுந்ததா, விழவில்லையா, அந்தப் பனி சொல்லாது. நானும் கேட்பதில்லை. பலா மரத்தைத் தொடும்போது ஊதல் சத்தம் கேட்கும், நீ வெளியே வருவாய். நான் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். ஏழு வருஷமாக இது நடக்கிறது. சில நாள் மழை, சில நாள் வெயில், ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. நேரில் உன்னிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக உன் மாமா வீட்டுக்குப் போனேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, பத்திரிக அச்சு ஆய்டுச்சா?"

"இல்ல மச்சான். அந்த வரி பொய். அவ ஒண்ணுகூடப் போடல. பன்னெண்டு அவ சட்டை நம்பரு."

சொல்லிவிட்டு நின்றேன். அவர் வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "தெரியும்" என்றார்.

"எப்பலருந்து?"

"அளந்த மறுநா காலைலருந்து. பஸ்ஸுக்கு நின்னாளே, அப்பவே சொல்லிட்டுத்தான் போனா. 'அப்பா நம்பரப் பாத்து ஏமாந்துட்டாரு மாமா. சபைல படிச்சிட்டாரு. அவரு மொகம் சுண்டக் கூடாது, நீங்க யாரும் கேக்காதீங்க'ன்னா. நீ இல்லாத நேரம் பாத்து நான் ஊரக் கூட்டி, இத்தப் பத்தி எவனும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் வருஷா வருஷம் பன்னெண்டு அளந்தீங்க?"

"அம்மனுக்கு அளந்தத எவனாச்சும் கொறைப்பானா?"

"சரி, பத்திரிகைல ஏன் எழுதச் சொன்னீங்க?"

"உனக்கும் தெரியும்னு எனக்கு ஒரு ரோசனை, மாப்ள. நீ அந்தத் தாள எங்கயும் மாட்டி வெக்கல. படிச்சவன் வூட்ல பொண்ணோட பெருமைய மாட்டி வெக்காம இருப்பானா? அதான் அந்த வரியச் சொன்னன், எழுதறயா பாப்பம்னு. எழுதிட்ட. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆய்டுச்சி. சரி, போளூர் வரைக்கும் போறானா பாப்பம்னு வுட்டன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், உனக்கும் தெரியுமா என்று. அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "இந்த வூட்ல படிக்கத் தெரியாதவ நான். எனக்கே தெரியும்" என்றாள். ஊர் முழுக்க, சின்னப் பிள்ளைகள் உள்பட, ஏழு வருஷம் என் முகத்துக்கு நேராக ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நான்தான் ஊரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, செருமிச் செருமி நோட்டீஸ் படித்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. நீ உன் அப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைத்துக் காப்பாற்றினாய். பதினேழு வயதில், முழங்கையில் காயத்தோடு, தோற்றுவிட்டு வந்த களைப்போடு, என் முகம் சுண்டக் கூடாது என்று யோசித்தாய். நான் ஏமாந்தது மூன்று நாள்தான், காவேரி. நாலாம் நாளிலிருந்து ஏமாற்றினேன். நீ களத்தில் தலையைக் குனிந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் சாமையைப் பார்த்தேன். உன் மாமா ஊகித்திருக்கலாம். ஆனால் இதை என் வாயால் முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். ஒரு வாரம் கழித்துப் பதில் எழுது, திட்டி எழுது, தாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கல்யாணம் ஆகிற பெண்ணுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிறது ஒன்றுதான். மாப்பிள்ளை நல்ல மனுஷர். அமிர்தியில் காட்டிலாகா வேலை. நாள் முழுக்க மரங்களோடு இருக்கிறவர் அதிகம் பேச மாட்டார். அவர் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டால் அன்றைக்கே சொல்லிவிடு. முகம் வாடும், வாடட்டும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். நீ என்னைக் காப்பாற்றினது பெரிய மனசு. ஆனால் அந்தப் பெரிய மனசாலும் என் சின்ன மனசாலும் நாம் இரண்டு பேரும் ஏழு வருஷம் மழையையும் பஸ்ஸையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இன்னொரு வீட்டில் அப்படி ஆக வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. எனக்கு ஒரு கேள்வி கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

பத்திரிகையில் அந்த வரியை அடித்துவிட்டேன். உன் பெயர், எங்கள் பெயர், முகூர்த்த நேரம், அவ்வளவுதான் இருக்கும். வருகிற வெள்ளிக்கிழமை களத்தில் சாமை அளக்கிறோம். அளப்பதற்கு முன்னால் நான் எழுந்து அந்த ஊதாத் தாளை இன்னொரு முறை சபையில் படிக்கப் போகிறேன், இந்தத் தடவை எல்லாக் கட்டத்தையும். அவர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் வரட்டும். அம்மனுக்குப் பன்னிரண்டே அளப்போம், அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழி லீவுக்கு நீ வரும்போது ஒருநாள் விடியற்காலையில் என்னோடு பரணிலிருந்து பலா மரம் வரை நட. ஒன்பது நிமிஷம்தான். அந்த நெட்டைப் பெண்ணுக்கு உண்மையில் பூனைக்கண்ணா, இல்லையா? அவள் உன்னை ஏதாவது சொன்னாளா? மூன்றாவது தடவை எங்கே நின்று எறிந்தாய்? என் ஆட்டத்தில் அதற்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. நான் செரும மாட்டேன், குறுக்கே பேச மாட்டேன். எறிந்தது, விழாதது, ஐந்து ஃபவுல், ஐந்தாவதில் வெளியே வந்து எங்கே உட்கார்ந்தாய், யார் தண்ணீர் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சொல். முதல் ஃபவுலிலிருந்து ஆரம்பி. நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். முதலாவதுக்கு லாபம் என்பேன்.

உன் வரவுக்குப் பரண் ஏணியைச் சரிசெய்துகொண்டிருக்கும்
அப்பா